விண்கலம் இறங்காத மலை

ஊட்டியிலிருந்து முத்தோரை போகும் வழியெங்கும் கேரட்டும் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் படிப்படியாகச் சரிவில் இறங்குகின்றன. அந்தத் தோட்டங்களுக்கு நடுவே, வடக்கு தெற்காக ஒரு மலைச்சரிவில் சாய்ந்து கிடக்கிறது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி. 24 பரவளையச் சட்டங்கள். அவற்றின் மேல் நீளவாக்கில் ஓடும் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் தன் குழுவுடன் 1970-ல் இதைக் கட்டி முடித்தார். இந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். கருவியின் பாதியை மலையே செய்து கொடுத்துவிட்டது.

தமிழ் சினிமா இந்த மலைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது. தாவரவியல் பூங்காவில் பாட்டு எடுத்தது, பைன் மரங்களுக்கிடையே காதலர்களை ஓடவிட்டது, வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களாவில் பேயைக் குடிவைத்தது. ஆனால் வானத்திலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளை அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கும் இந்தச் சரிவில் ஒரு விண்கலத்தை இறக்கிப் பார்க்க அதற்குத் தோன்றவில்லை. இது எனக்கு நீண்டநாளாக இருக்கும் ஆதங்கம். அறிவியல் புனைவுப் படங்கள் நாளை என்ன நடக்கும் என்று சொல்வதில்லை. இன்று நாம் எதை நம்புகிறோம், எதற்கு அஞ்சுகிறோம், யாரைப் பார்க்க மறுக்கிறோம் என்பதைத்தான் சொல்கின்றன. அந்தக் கண்ணாடியில் எது தெரிகிறது, எது விட்டுப்போகிறது என்று பார்க்க நீலகிரியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

யானைகள் ஏன் ஊருக்குள் வந்தன?

இந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் அறிவியல் புனைவுப் படம் என்று பலரும் குறிப்பிடுவது 1952-ல் வந்த ‘தி ஜங்கிள்’. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் ஓர் அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து எடுத்தது. இயக்குநர் வில்லியம் பெர்க். தமிழில் ‘காடு’. கதை இதுதான்: யானைகள் திடீரென்று கூட்டம் கூட்டமாகக் கிராமங்களுக்குள் புகுந்து அழிவு செய்கின்றன. காரணம் தேடிக் காட்டுக்குள் போகிறவர்கள், அழிந்துபோனதாக நினைத்த மாமூத் எனும் ரோம யானைகள் உயிரோடு இருப்பதைக் காண்கிறார்கள். அவற்றுக்குப் பயந்துதான் நம் யானைகள் ஓடிவந்திருக்கின்றன. நிஜ யானைகளுக்கே முடி போர்த்தி மாமூத் ஆக்கியிருந்தார்கள்.

படம் சாதாரணமானதுதான். அமெரிக்கக் கதாநாயகன், இந்திய இளவரசி, புலி, பாம்பு என்று மேற்கு எதிர்பார்த்த இந்தியாவை அப்படியே பரிமாறியது. ஆனால் அதன் அடிப்படைக் கேள்வி கூடலூர்க்காரர்களுக்கும் மசினகுடிக்காரர்களுக்கும் இன்றும் வீட்டு வாசலில் நிற்கும் கேள்வி. யானை ஏன் ஊருக்குள் வருகிறது? 1952 படம் ஒரு பூதத்தைக் கண்டுபிடித்து அதன் தலையில் பழியைப் போட்டது. நிஜத்தில், நீலகிரியின் சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தை மறித்த ரிசார்ட்டுகளைப் பற்றிய வழக்கில் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வழித்தடத்தில் கட்டடம் கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். யானையை விரட்டிய பூதத்துக்கு வேலியும் பெயர்ப்பலகையும் நீச்சல் குளமும் இருந்தன. காட்டிலிருந்து வரும் ஆபத்துக்குக் காரணம் காட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நம்புவது நமக்கு வசதி. அந்தப் படம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த வசதியைப் படம்பிடித்து வைத்திருக்கிறது.

கலையில்லாத கிரகம்

அடுத்து வந்தது 1963-ன் ‘கலை அரசி’. எம்.ஜி.ஆர்., பி.பானுமதி நடிக்க ஏ.காசிலிங்கம் இயக்கியது. வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வருவது தங்கத்துக்கோ தண்ணீருக்கோ அல்ல. அவர்கள் கிரகத்தில் விஞ்ஞானம் உண்டு, கலை இல்லை. அதனால் பாடத் தெரிந்த பெண்ணைக் கடத்திப் போகிறார்கள். காதலன் தேடிப் போய் மீட்கிறான்.

இன்று பார்க்கச் செட்டுகளும் உடைகளும் எளிமையாகத் தெரியலாம். ஆனால் அவற்றின் பின்னாலிருக்கும் தன்னம்பிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன். ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே ஆண்டுகள். ராக்கெட் அவர்களிடம் இருக்கட்டும், அவர்களுக்கும் தேவைப்படும் ஒன்று எங்களிடம் இருக்கிறது, அது எங்கள் பாட்டு என்று ஒரு சமூகம் திரையில் சொல்லிக்கொள்கிறது. அதே ஆண்டு நவம்பரில் தும்பாவில் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. ஊட்டியில் அப்போது ‘ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்’ தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் உற்பத்திக்கு வந்த நிறுவனம். மலையின் குளிரும் தூசியில்லாத காற்றும் பிலிம் சுருளுக்கு வேண்டும் என்பதால் இங்கே வந்தது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் இங்கிருந்து நாடெங்கும் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. இந்து நகர் என்று ஒரு குடியிருப்பே உருவானது. 1996-ல் அது நலிவுற்ற ஆலையாக அறிவிக்கப்பட்டது. பிறகு டிஜிட்டல் வந்து பிலிம் என்ற பொருளையே முடித்துவைத்தது. எதிர்காலத்தைக் காட்டும் கலைக்கு மூலப்பொருள் செய்துகொடுத்த ஊர், தன் எதிர்காலத்தை இப்படித்தான் சந்தித்தது.

ரோபோவுக்குத் தெரியாத மானம்

ஷங்கர் இயக்கத்தில் 2010-ல் வந்த ‘எந்திரன்’ படத்தின் சண்டைகளையும் ஆயிரம் ரோபோக்கள் பாம்பாய் எழுவதையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னை விடாமல் தொடர்வது இடையில் வரும் ஒரு சிறு காட்சி. அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடிக்கிறது. சிட்டி என்ற ரோபோ உள்ளே பாய்ந்து ஒவ்வொருவராக மீட்டு வருகிறான். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து, தொலைக்காட்சிக் கேமராக்களின் நடுவே இறக்கிவிடுகிறான். ஆடையில்லாமல் ஊர் நடுவில் நின்ற அவமானத்தில் அந்தப் பெண் ஓடுகிறாள். வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள்.

படம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம், ரோபோவுக்கு மனித உணர்ச்சி இல்லை என்பது. உடனே விஞ்ஞானி வசீகரன் அதற்கு உணர்ச்சி ஊட்டக் கிளம்புகிறார். கேமராவைத் தாழ்த்தாதவர்கள் யாரும் அந்தக் காட்சியில் குற்றவாளி ஆவதில்லை. வேடிக்கை பார்த்த கூட்டமும் ஆவதில்லை. உயிரைக் காப்பாற்றிய இயந்திரம் மட்டும் தவறு செய்ததாகிறது. ஒரு பெண் உயிரோடு இருப்பதைவிட மானத்தோடு இருப்பது முக்கியம் என்று நம்பும் சமூகத்தில், அந்த நம்பிக்கையே மனிதத்தன்மைக்கு அளவுகோலாகி, அதை ரோபோ கற்றுத் தேற வேண்டிய பாடமாகிறது. மிகப் பெரிய செலவில் செய்த ஒரு எதிர்காலக் கற்பனை, நம் மிகப் பழைய அச்சத்தை இவ்வளவு துல்லியமாகப் பதிவுசெய்திருக்கிறது. இயக்குநர் அதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்ற கேள்வி எனக்கு முக்கியமில்லை. இதே படத்தில் கடவுள் உண்டா என்று ரோபோவிடம் கேட்கிறார்கள். தன்னைப் படைத்தவர் இருக்கிறார், ஆகவே கடவுள் இருக்கிறார் என்ற பொருளில் அது பதில் சொல்ல, அரங்கம் கைதட்டுகிறது. பெரியார் பிறந்த மண்ணில் வந்த ஒரு விஞ்ஞானக் கதையில், படைத்தவன் உண்டு என்று ஓர் இயந்திரம் உறுதிகூறக் கேட்பதில் பார்வையாளருக்குக் கிடைத்த நிம்மதி பெரியது.

கால இயந்திரமும் ஜாதகக் கட்டமும்

காலப்பயணம் பற்றிய படங்களில்தான் நம் நம்பிக்கைகள் இன்னும் வெளிப்படையாகத் தெரிகின்றன. ஆர்.ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ (2015) படத்தில் 2065-லிருந்து அனுப்பப்பட்ட கால இயந்திரம் இரண்டு இளைஞர்கள் கையில் கிடைக்கிறது. ஒருவன் போலி ஜோசியன். அவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? தொலைந்த பொருளைத் தேடி வருபவர்களுக்கு, கடந்த காலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஜோசியமாகச் சொல்கிறார்கள். இதைவிட உண்மையான தமிழ்க் காட்சியை எழுத முடியாது. கால இயந்திரம் நாளையே நம் தெருவுக்கு வந்தாலும் அதற்கு வெளியே ஒரு ஜோதிட நிலையத்தின் பலகைதான் தொங்கும். மக்கள் வரிசையில் நிற்பார்கள்.

2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணத்தின் பாதை கோவை, ஊட்டி, திண்டுக்கல் வழியாகச் சென்றது. முத்தோரைத் தொலைநோக்கி இருக்கும் ஊரின் மேலேயே கிரகணம் கடந்து போனது. அன்று தமிழகத்தில் பெரும்பாலான கோயில்கள் நடை சாத்தின. எத்தனையோ வீடுகளில் கிரகணம் விடும்வரை அடுப்பு எரியவில்லை. கறுப்புக் கண்ணாடி வைத்து வளையத்தைப் பார்த்த பிள்ளைகளும் அதே வீடுகளில்தான் இருந்தார்கள். இரண்டும் ஒரே கூரைக்குள் சண்டையில்லாமல் இருக்கும் வாழ்க்கை நம்முடையது. அந்த வாழ்க்கையைத்தான் நம் படங்கள் காட்டுகின்றன.

நீலகிரிக்கு நெருக்கமாக வந்த படம் என்றால் வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021). துபாயிலிருந்து கோவைக்கு விமானத்தில் வருகிறான் அப்துல் காலிக். ஊட்டியில் நண்பனுக்காக ஒரு திருமணத்துக்குப் போக வேண்டும். அன்றைய நாள் அவனுக்கு மட்டும் திரும்பத் திரும்ப நிகழ ஆரம்பிக்கிறது. கோவையில் நடக்கும் அரசியல் மாநாட்டில் முதல்வரைக் கொன்று, பழியை ஒரு முஸ்லிம் இளைஞன் மேல் போட்டுக் கலவரம் மூட்டும் சதியை அவன் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொள்கிறான். 1998 பிப்ரவரியின் குண்டுவெடிப்புகளையும் அதற்கு முந்தைய ஆண்டின் கலவரத்தையும் மறக்காத ஊர் கோவை. ஒரு பெயரை வைத்தே ஒருவனைக் குற்றவாளியாக்கும் பழக்கம் எத்தனை முறை திரும்ப நடக்கும் என்று கேட்பதற்குக் காலச்சுழலைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. என் பார்வையில் தமிழ் அறிவியல் புனைவு இதுவரை செய்த மிக முக்கியமான காரியம் இதுதான்.

சுழல் எப்படி வந்தது என்பதற்குப் படம் தரும் விளக்கமும் கவனிக்க வேண்டியது. கலவரத்துக்கு அஞ்சி ஒதுங்கிய தாய்க்கு, உஜ்ஜயினியின் காலபைரவர் கோயிலில் பிறந்தவன் காலிக். காலத்தின் அதிபதியான பைரவரின் அருள் அந்த முஸ்லிம் பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது. அமெரிக்கப் படமாக இருந்தால் ஒரு கருவியோ கதிர்வீச்சோ காரணமாகியிருக்கும். அல்லது காரணமே சொல்லாமல் விட்டிருப்பார்கள். நமக்குக் காரணம் வேண்டும். அது கோயிலிலிருந்து வந்தால் கேள்வி கேட்க மாட்டோம். இதைக் குறையாகச் சொல்லும் விமர்சகர்களோடு நான் உடன்படவில்லை. தெய்வம் மதம் பார்க்காது என்று கிராமத்துப் பாட்டி சொல்வதை ஒரு வணிகப் படம் அறிவியல் புனைவின் விதியாகவே ஆக்கியிருக்கிறது.

சித்தரும் குழாய்களும்

எனக்கு உள்ள குறை வேறு இடத்தில். நம் படங்களின் விஞ்ஞானி எப்போதும் தனியாள். பெரிய வீடு, நிலவறை ஆய்வுக்கூடம், ஒரு அசட்டு உதவியாளர், வேறு யாருக்கும் தெரியாத ரகசியம். உற்றுப் பார்த்தால் அவர் கோட்டு போட்ட சித்தர். சி.வி.குமாரின் ‘மாயவன்’ (2017) ஒருவரின் நினைவை இன்னொருவர் உடலுக்குள் கடத்துவதைக் காட்டியபோது, மூலன் என்ற இடையனின் உடலில் திருமூலர் புகுந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதாக இல்லை. கூடுவிட்டுக் கூடு பாய்தலுக்கு மின்கம்பி இணைத்திருந்தார்கள். தவம் செய்து, ரகசியம் அறிந்து, அதைச் சீடனுக்கு மட்டும் தரும் ஞானி என்ற உருவம் நம் மனத்தில் அவ்வளவு ஆழமானது.

ஊட்டியில் அறிவியல் நடக்கும் விதம் இதற்கு நேர் எதிர். முத்தோரைத் தொலைநோக்கி பொறியாளர்களும் வெல்டர்களும் மாணவர்களும் சேர்ந்து செய்தது. அதிலிருந்து கிடைத்த தொலைதூர விண்மீன் மண்டலங்களின் அளவுகள், பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்ற கருத்துக்கு 1970-களில் வலுச் சேர்த்தன. ஊட்டியிலேயே இயங்கும் ‘கிரேப்ஸ்-3’ ஆய்வகம் இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்துவது. அங்கே மியூவான் துகள்களை எண்ணும் 3,712 இரும்புக் குழாய்கள் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வேறொரு சோதனைக்காக இருந்தவை. சுரங்கச் சோதனை முடிந்ததும் மலைக்கு வந்தன. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டியின் மேல் குவிந்த இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை அந்தக் குழாய்களை வைத்தே கணக்கிட்டார்கள். மேகத்துக்குள் அந்த அளவு மின்னழுத்தம் இருக்கலாம் என்று சி.டி.ஆர்.வில்சன் 1929-ல் ஊகித்திருந்தார். அதற்கு முதல் சான்று 2019-ல் வெளியான இந்த ஆய்வு.

சுரங்கத் தொழிலாளர் இறங்கிய ஆழத்திலிருந்து ஏறி வந்த இரும்பு, தேயிலை மலையின் மேல் இடியை அளக்கிறது. இதில் இல்லாத நாடகம் எந்தக் கதையில் இருக்கிறது? ஆனால் இதில் ஒற்றை நாயகன் கிடையாது. இரவுப் பணியில் குழாய்களைக் கவனிப்பவர், குழாய் பழுதானால் சரிபார்ப்பவர், தரவைப் பத்தாண்டுகள் பொறுமையாகச் சேர்ப்பவர் என்று பலர். கூட்டாகச் சேர்ந்து அறிவது என்ற ஒன்று இருப்பதையே நம் திரை இன்னும் நம்பவில்லை.

மேற்கே இன்னொரு உலகம்

இணை உலகம் பற்றிப் படம் எடுக்க நாம் ஹாலிவுட்டைப் பார்க்கிறோம். நீலகிரியின் தோடர்கள் பல தலைமுறைகளாக ஓர் இணை உலகத்தோடு வாழ்கிறார்கள். இறந்தவர்கள் போய்ச் சேரும் அம்நோடர் மேற்கே இருக்கிறது. முக்குருத்திச் சிகரத்தின் பக்கமே அதற்கு வழி. 1906-ல் வெளியான தன் நூலில் டபிள்யூ.எச்.ஆர்.ரிவர்ஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இரு உலகங்களுக்கும் ஒரே சூரியன்தான். இங்கே இருட்டும்போது அங்கே வெளிச்சம். அங்கும் எருமைகள் உண்டு, பால் உண்டு. நடந்து நடந்து அங்குள்ளவர்களின் கால்கள் தேய்கின்றன. முழங்கால்வரை தேய்ந்ததும் மறுபடி இவ்வுலகுக்கு மனிதராக அனுப்பப்படுகிறார்கள். ஒரு காலத்தில் இங்கிருந்து உயிரோடு அங்கே போய்வரவும் முடிந்ததாம்.

இவ்வளவு முழுமையான விதிகளோடு ஓர் உலகத்தை எந்தத் திரைக்கதை ஆசிரியர் கட்டியிருக்கிறார்? நம் சினிமா தோடர்களைக் காட்டியதெல்லாம் பெரும்பாலும் பாட்டின் பின்னணியில், பூவேலைப் போர்வையோடு நிற்கவைத்து. அந்தக் கதைகள் அவர்களுக்குரியவை. படமாக வேண்டுமானால் அவர்களே எழுத வேண்டும், இல்லை அவர்கள் சம்மதத்தோடு எழுதப்பட வேண்டும்.

கப்பலில் வந்த அயலார்

ரவிக்குமாரின் இரண்டாவது படம் ‘அயலான்’ 2024 பொங்கலுக்கு வந்தது. அதில் வேற்றுக்கிரகவாசி நல்லவர், மண்ணை நேசிக்கும் விவசாயி அவருக்கு நண்பர், கெட்டவர் பெருமுதலாளி. குழந்தைகள் ரசித்தார்கள். அந்நியரை விருந்தாளியாகப் பார்க்கும் அன்பு அதில் இருக்கிறது. ஆனால் நிஜத்தில் வெளியிலிருந்து வந்தவர்களை நாம் எப்படி வரவேற்றோம்? தென்னாப்பிரிக்காவில் நீல் ப்ளோம்காம்ப் 2009-ல் எடுத்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’ இந்தக் கேள்வியை நேராகக் கேட்டது. ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கிய வேற்றுக்கிரகவாசிகளை முகாமில் அடைத்து, பிறகு அங்கிருந்தும் வெளியேற்றுகிறார்கள். கேப் டவுனின் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ பகுதியை 1966-ல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, சுமார் 60,000 பேரைக் கிளப்பி அனுப்பிய வரலாறு அந்தப் படத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் இருக்கிறது.

நீலகிரிக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அவர்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல அது. மூன்று நான்கு தலைமுறையாக இலங்கைத் தேயிலையை வளர்த்தவர்கள், தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து, பார்த்தேயிராத ‘தாயகத்துக்கு’ வந்தார்கள். அவர்களுக்கு வேலை தரவே தமிழக அரசு இந்த மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. 1976-ல் அவை டான்டீ என்ற அரசு நிறுவனமாயின. சேரம்பாடி, நெல்லியாளம், கொளப்பள்ளி லைன் வீடுகளில் அந்தக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இலங்கையில் ‘இந்தியாக்காரர்’ என்றார்கள், இங்கே ‘சிலோன்காரர்’ என்றார்கள். 2022-ல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தபோது, வீடும் வேலையும் என்னாகும் என்று கேட்டு அவர்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். யானைக்குக் காடு வேண்டும் என்பதும் நியாயம். இந்த மனிதர்களை எங்கே அனுப்புவது என்பதும் நியாயமான கேள்வி. ‘தி ஜங்கிள்’ போல இதற்கு ஒரு பூதத்தைக் காட்டி முடித்துவிட முடியாது.

லொகேஷன் பார்க்க ஊட்டிக்கு வரும் இயக்குநர்கள் ஏரிக்கரையிலிருந்து திரும்பிவிடாமல் முத்தோரைக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு கூடலூர் பஸ் பிடித்து, நடுவட்டம் வழியாக இறங்கி, பந்தலூர்ப் பக்கம் போய் ஒரு கொழுந்து பறிக்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். வானத்திலிருந்து ஒரு கலம் உண்மையாகவே அந்தச் சரிவில் இறங்கினால், காவல்துறைக்கும் கேமராக்களுக்கும் முன்பாக அதில் வந்தவர்களிடம் போய், எங்கிருந்து அனுப்பினார்கள், காகிதம் ஏதாவது கொடுத்தார்களா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று சரியான கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர், சிறுமியாக அந்தக் கப்பலில் வந்த பாட்டியாகத்தான் இருப்பார். அந்தப் பாட்டியை நாயகியாக வைத்து ஒரு படம் வந்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் போவேன்.